போர் மூடி

அவனோடு ஒரு வருஷம் வண்டியில் போய்ப் பாருங்கள், அப்புறம் வந்து என்னிடம் அவன் நல்லவன் வல்லவன் என்று பேசுங்கள். ஊரில் இப்போது எல்லோரும் அப்படித்தான் பேசுகிறார்கள். டீக்கடையில் பேசுகிறார்கள், கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருக்கும்போது பேசுகிறார்கள். கேட்கக் கேட்க எனக்கு வயிறு எரிகிறது. பொறாமை ஒன்றும் இல்லை. அவனுக்காக வண்டியை ஸ்டார்ட் செய்து வைத்துக்கொண்டு ரோட்டோரம் காத்துக் கிடந்த அனுபவம் இவர்களில் ஒருத்தருக்காவது உண்டா?

நான் திருச்செங்கோட்டில் ரிக் வண்டிக்குத் துணை லாரி ஓட்டுகிறவன். ரிக் என்பது போர் போடுகிற வண்டி. எங்கள் பக்கத்தில் போர் என்றால் முதலில் ஆழ்துளைக் கிணறுதான். மற்றப் போரெல்லாம் பள்ளிக்கூடப் புத்தகத்தோடு சரி. ரிக்குக்குப் பின்னாலேயே ராடு, கேசிங் பைப், டீசல், அரிசி மூட்டை, ஆட்களின் படுக்கை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு என் லாரி போகும். அவன் ரிக்கில் டிரில்லர். லீவரைப் பிடித்துக்கொண்டு துளை இறங்குவதைப் பார்த்துக்கொள்கிற வேலை. ஆட்டையாம்பட்டிக்காரன், என்னைவிட ரொம்பச் சின்னவன். யாரைப் பார்த்தாலும் 'சாமி' என்பான். பெரியவர்களையும் குழந்தைகளையும் சாமி என்று கூப்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம்தான். இவன் கன்றுக்குட்டியையும் செக்போஸ்ட் போலீஸ்காரரையும்கூட அப்படித்தான் கூப்பிடுவான். கடைசியில் அவனுக்கே அந்தப் பெயர் விழுந்துவிட்டது. சொந்தப் பெயர் பாஸ்போர்ட்டில் இருக்கிறது. இங்கே அது வேண்டாம்.

அவனைப் பிடித்திருந்த ஒரே வியாதி மூடி.

தண்ணீர் வராத போரில் என்ன நடக்கும் என்றால், மேல்மண் சரியாமல் இருக்க இறக்கின கேசிங் பைப்பை உருவி எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவோம். குழி வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். அதை மூடுவது தோட்டத்துக்காரர் பாடு. அவரும் நாளைக்கு மூடலாம் என்பார். அந்த நாளைக்கு வந்து சேராத தோட்டங்களில் என்னென்ன நடந்தது என்று டிவியில் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பார்த்துவிட்டு இரண்டு நாள் 'உச்' கொட்டியிருக்கிறோம். இவன் 'உச்' கொட்டுகிற ரகம் இல்லை. குழியை மூடாமல் வண்டியில் ஏறமாட்டான், அவ்வளவுதான்.

நாமகிரிப்பேட்டை பக்கம் ஒரு மஞ்சள் காட்டில் போர் போட்டோம். இறங்க இறங்க வெறும் கல்தூள் புகை, ஈரமே இல்லை. தோட்டத்துக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார், முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த பார்ட்டி போன் மேல் போன். நான் ராடெல்லாம் ஏற்றிக் கயிறு கட்டி வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டேன். இவனைக் காணோம். போய்ப் பார்த்தால் அந்த வீட்டுத் துவைக்கிற கல்லை உருட்டிக்கொண்டு வருகிறான். பின்னாலேயே அந்த வீட்டம்மா, கையில் சோப்பு நுரையோடு, 'எங்க கல்லக் கீழ போடுடா' என்று சத்தம் போட்டுக்கொண்டு வருகிறார். தோட்டத்துக்காரர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "தண்ணி கொண்டாரத் துப்பில்ல. மூடி ஒண்ணுதான் கேடு."

இவன் கல்லைக் குழிமேல் நகர்த்தி, மண் அணைத்து, மேலே ஏறி நின்று ஒரு தடவை மிதித்துப் பார்த்துவிட்டு, "வேற கல்லு வந்ததும் இத எடுத்துக்கங்க சாமி, அதுவரைக்கும் எடுத்துறாதீங்க" என்றான். நாங்கள் போய்ச் சேருவதற்குள் அடுத்த பார்ட்டி வேறு ரிக்கைக் கூப்பிட்டுவிட்டார். வழியெல்லாம் அவனை வைது தீர்த்தேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "குழி தொறந்து கெடந்துச்சுங்களேண்ணா" என்றான். அவனிடம் இருந்த பதில் அது ஒன்றுதான். எத்தனை விதமாகக் கேட்டாலும் அதைத்தான் சொல்வான்.

இப்போது பத்திரிகைக்காரர்கள் வந்து, அவருக்குத் தம்பி தங்கை யாராவது குழியில் விழுந்தார்களா என்று கேட்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. நானே கேட்டிருக்கிறேன். காரணம் இருந்தால் மனிதன் ஆறுதலாகத் திட்டலாம். காரணமே இல்லாத ஒருத்தனை என்ன சொல்லித் திட்டுவது?

என் லாரி கேபினில் பாதி இடம் அவனுடைய மூடிகள்தான். பழைய டிரம்மின் அடித் தகடு, உடைந்த சிமெண்ட் சிலாப், சாக்கில் கட்டிய இரும்புத் துண்டு. பள்ளத்தில் வண்டி இறங்கினால் கோயில் மணி மாதிரி அடித்துக்கொள்ளும். சாப்பிட்டு எழுந்தால் குழம்புச் சட்டியை மூடியாச்சா என்பான். நான் டீசல் போட்டு வந்தால் டேங்க் மூடியைத் திருகிப் பார்ப்பான். ஒருநாள் பொறுக்க முடியாமல், என் வாய்க்கும் ஒரு மூடி செய்து வைத்துவிடு என்றேன். கோபமே வரவில்லை. அளவு சொல்லுங்கண்ணா என்றான்.

பள்ளிபாளையத்தில் பெண் பார்க்கப் போனபோது மாப்பிள்ளைத் தோழனாக என்னைக் கூட்டிப் போனான். காவிரிக்குப் போகிற வழியில் நல்ல வீடு, அடக்கமான குடும்பம். கேசரி வந்தது, பஜ்ஜி வந்தது. பெண் வருகிற நேரத்தில் இவன் கை கழுவிவிட்டு வருகிறேன் என்று கொல்லைப்பக்கம் போனான். போனவன் போனவன்தான். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் பழைய போர்க் குழி ஒன்று கிடந்திருக்கிறது. பட்டு வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, கொட்டகையில் கிடந்த தகரத்தை இழுத்துப் போட்டு, அதன்மேல் உரலைக் கவிழ்த்துக்கொண்டிருந்தான். பெண்ணின் அப்பா வந்து பார்த்தார். முகமெல்லாம் சேறும் சாணியுமாக, "பேத்தி பேரன் ஓடற எடமுங்க சாமி" என்றான். இன்னும் கல்யாணமே ஆகாத பெண்ணின் அப்பாவிடம்!  சம்பந்தம் அதோடு முறிந்தது. அவன் அம்மாவுக்கு யார் பதில் சொல்வது? நான்தான் சொன்னேன். அந்த அம்மா ஆட்டையாம்பட்டியில் ஒரு தறிக்கொட்டகையில் தார் சுத்துகிறவர், அதாவது தறிக்கு வேண்டிய நூலைக் குச்சியில் சுற்றுகிற வேலை. பகலெல்லாம் விசைத்தறிச் சத்தத்தில் உட்கார்ந்து பாதிக் காது போய்விட்டது. நான் கத்திக் கத்திச் சொன்னதைக் கேட்டுவிட்டு, "போனாப் போவுது, வேற பொண்ணா கெடைக்காது" என்று நூலைப் பிடிக்கப் போய்விட்டார்.

எங்கள் முதலாளி ஒரு ரிக்கைக் கப்பலில் ஏற்றி சூடானுக்கு அனுப்பினார். திருச்செங்கோட்டு ரிக் போகாத ஆப்பிரிக்க நாடு குறைவு. அந்த ரிக்கோடு அவன், நான், வேலையாட்கள் சிலர் போனோம். தலைநகரத்தின் ஓரத்தில் ஒரு குடியிருப்பில், தெருவுக்குப் பொதுவாக ஒரு போர். மணல் பாறை. தண்ணீர் பொங்கி வந்தபோது தெருவே கூடி நின்று கை தட்டியது. கேசிங் முழுக்க இறக்கி மேலே வாய் கட்டுகிற வேலை மட்டும் பாக்கி. மறுநாள் முடித்துக்கொள்ளலாம் என்று ரிக்கை அங்கேயே விட்டுவிட்டுத் தங்கியிருந்த வீட்டுக்கு வந்தோம். மறுநாள் காலையில் வானத்தில் விமானம், தெருவில் துப்பாக்கி. அந்த நாட்டுப் படைகள் இரண்டாகப் பிரிந்து ஒன்றையொன்று சுட்டுக்கொண்டன. நாங்கள் வீட்டுக்குள் அடைந்து கிடந்தோம்.

போன் எப்போதாவதுதான் கிடைக்கும். கிடைத்ததும் அவன் அம்மாவுக்குப் போட்டான். சத்தம் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டதால் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அங்கே தறி ஓடுகிற சத்தம், இங்கே குண்டுச் சத்தம்.

"அம்மா, இங்க போர் நடக்குதுங்கம்மா."

"நடக்கட்டும் சாமி, அதுக்குத்தான போயிருக்கற. தண்ணி வந்துச்சா?"

அவன் எங்களைப் பார்த்தான். "வந்துருச்சுங்கம்மா."

"அப்பறம் என்ன. நேரத்துக்குச் சாப்புடு."

நாங்கள் சிரித்தோம். வந்த நாளிலிருந்து அப்படிச் சிரித்ததில்லை. எங்கள் வேலையாட்களில் காய்ச்சலில் படுத்திருந்த ஒருத்தன்கூட எழுந்து உட்கார்ந்து சிரித்தான். சிரித்து முடித்ததும் யாருக்கும் யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்கவில்லை. ஏன்டா, அம்மாவிடம் உண்மையைச் சொல்ல வேண்டியதுதானே என்று கேட்டேன். நான் பொய் ஒன்றும் சொல்லவில்லையே என்றான்.

குழாயில் தண்ணீர் நின்றுபோனது. அவன்தான் சந்து சந்தாகப் பதுங்கிப்போய் எங்கள் போரிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தான். கொண்டுவந்து வைத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்தான். எனக்கு அப்போதே பயம் வந்துவிட்டது, அந்த முகம் எனக்குத் தெரியும். தெருக்காரர்கள் தகர டப்பாவைக் கயிற்றில் கட்டிக் குழிக்குள் விட்டு மொண்டுகொள்கிறார்களாம். வாய் தரைமட்டத்தில் இருக்கிறதாம். குழந்தைகள் சுற்றிலும் குப்புறப் படுத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்க்கிறார்களாம்.

"தொறந்து கெடக்குதுங்கண்ணா" என்றான்.

ஊரே பற்றி எரிகிறது, இவனுக்குக் குழி. நான் கத்தினேன். அவன் பாட்டுக்கு, வீட்டில் மிச்சம் கிடந்த கேசிங் பைப்பில் ஒரு நீளத் துண்டை ரம்பத்தால் அறுக்க ஆரம்பித்தான். டிரம் தகட்டை வட்டமாக வெட்டினான். குளியலறைக் கதவின் கீலைக் கழற்றி, பைப் துண்டின் தலையில் அந்தத் தகட்டைப் பொருத்தினான். குழி வாயில் பைப்பை அடித்து இறக்கிவிட்டால், இடுப்பு உயரத்தில் திறந்து மூடுகிற மூடி. அன்றிலிருந்து நாங்கள் குளியலறைக் கதவைக் கையில் பிடித்துக்கொண்டுதான் குளித்தோம். மூடித் தொலைக்கிறதென்றால் மூடு, கீல் எதுக்குடா என்றேன். தண்ணீர் எடுக்க வேண்டாமா என்று என்னையே திருப்பிக் கேட்டான்.

ஒரு காலையில் நம் தூதரகத்திலிருந்து செய்தி வந்தது. நம் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரு மைதானத்திலிருந்து துறைமுகத்துக்குப் பஸ் போகிறது, உடனே வாருங்கள் என்று. பிக்கப் வண்டியில் எல்லோரையும் ஏற்றினேன். காய்ச்சல்காரனைப் பின்னால் படுக்க வைத்தோம். அந்தப் பைப்பை விட்டுவிட்டு ஏறு என்று நான் சொல்லி முடிப்பதற்குள் பைப் வண்டியில் இருந்தது. "வழியிலதானுங்களேண்ணா" என்றான். வழிதான். அது உண்மைதான். அவன் சொல்வதில் பொய்யே இருக்காது, அதுதான் தொல்லை.

அந்தக் குடியிருப்புக்கு முன்னால் டயரைக் குறுக்கே போட்டுத் துப்பாக்கியோடு சில பேர் நின்றார்கள். எல்லாம் சின்ன வயசு. எந்தப் பக்கத்து ஆட்கள் என்று கேட்காதீர்கள், எனக்கு இன்றைக்கும் தெரியாது. வண்டியை நிறுத்தச் சொன்னார்கள். நான் இரண்டு கையையும் ஸ்டியரிங்கின் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்தப் பக்கம் கதவு திறக்கிற சத்தம். இறங்கிவிட்டான். இறங்கினது மட்டுமா, பைப்பைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு அவர்களைப் பார்த்து நடக்கிறான். தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு அது என்னவாகத் தெரியும் என்று யோசித்துப் பாருங்கள். அத்தனை துப்பாக்கியும் ஒரே நேரத்தில் அவன் பக்கம் திரும்பின. ஒருத்தன் ஏதோ கத்தினான். நான் தண்ணீருக்கு எனக்குத் தெரிந்த அவர்கள் சொல்லை, 'மோயா, மோயா' என்று ஜன்னலுக்குள்ளிருந்து சொன்னேன். யாருக்கும் கேட்கவில்லை.

அவன் நின்றான். குரலை உயர்த்தவில்லை. மஞ்சள் காட்டில் பேசின அதே குரல். "ஒண்ணுமில்ல சாமி. மூடிங்க சாமி. தண்ணிக் குழிக்கு."

முன்னால் நின்ற ஒருத்தன் துப்பாக்கியைத் தாழ்த்தினான். அவனுக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. மெதுவாக முன்னால் வந்து, தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, "சாமி? அனா சாமி" என்றான். அனா என்றால் நான். அந்தப் பையனுடைய பெயரே சாமி. அந்த நாட்டில் சாதாரணமாக வைக்கிற பெயராம். தன் பெயர் இவனுக்கு எப்படித் தெரியும் என்று அவன் குழம்பிப் போயிருந்தான்.

"ஆமா சாமி" என்றான் நம்மாள், தினம் பார்க்கிறவனிடம் பேசுகிற மாதிரி. மூடியைத் தூக்கித் தூக்கிப் போட்டுத் திறந்து மூடிக் காட்டினான்.

இரண்டு சாமியும் பைப்பை ஆளுக்கொரு முனை பிடித்துக்கொண்டு சந்துக்குள் போனார்கள். நான் இன்ஜினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன். தூரத்தில் துப்பாக்கி வெடிக்கிறது. பக்கத்தில் பைப்பைச் சம்மட்டியால் அடிக்கிற சத்தம். டங், டங் என்று அவசரமே இல்லாமல் அடிக்கிறான். பஸ் போய்விடும், பஸ் போய்விடும் என்று எனக்கு நெஞ்சுக்குள் அதைவிட வேகமாக அடித்தது. சம்மட்டிச் சத்தம் நின்றதும் தகடு விழுந்து மூடுகிற சத்தம் ஒன்று கேட்டது. அப்பாடா என்று கியரைப் போட்டேன்.

திரும்பி வந்தவர்களோடு சட்டையெல்லாம் ரத்தக்கறையாக ஒரு ஆள் வந்தார். அந்தப் பையன் என்னிடம் வேகமாக ஏதோ சொன்னான். எனக்குப் புரிந்தது ஆஸ்பத்திரி, தண்ணீர் என்ற இரண்டு சொல்தான். அவர் கையைப் பம்பு அடிப்பதுபோல் ஆட்டிக் காட்டி, இல்லை என்று விரித்தார். பின்னால் ஒரு ஆஸ்பத்திரி, அதன் போர் நின்றுவிட்டது, உள்ளே அடிபட்டவர்கள். அவ்வளவும் அவர் கையிலேயே தெரிந்தது.

நம்மாள் என் ஜன்னலுக்கு வந்தான். நான் அவனைப் பேசவே விடவில்லை. ஏறு என்றேன். பின்னால் ஒருத்தன் காய்ச்சலில் கிடக்கிறான், இது கடைசி பஸ்ஸாகக்கூட இருக்கும், உன் அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்வேன், ஏறுடா என்றேன்.

"நீங்க முன்னால போங்கண்ணா. பாத்துட்டு வாரேன்."

"பஸ் போயிருமடா."

"போனா அடுத்த பஸ்ல வாரேனுங்க." ஜன்னலில் இருந்து கையை எடுத்துவிட்டு, "டேங்க் மூடி லூசா இருக்குது, பாத்துக்கங்க" என்றான்.

பையன் பானட்டைத் தட்டி, போ என்று துப்பாக்கியால் காட்டினான். வந்துவிட்டேன். மைதானத்தில் பஸ் படிக்கட்டில் ஒரு காலை உள்ளேயும் ஒரு காலைத் தரையிலும் வைத்துக்கொண்டு, டிரைவர் என்னென்னவோ திட்டத் திட்ட நின்றேன். கூட்டத்தில் அவன் போட்டிருந்தது மாதிரி நீலச் சட்டை தெரிந்தபோதெல்லாம் அவன்தான் என்று நினைத்தேன். பஸ் நகர்ந்துவிட்டது. துறைமுகத்தில் அடுத்த பஸ் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. ஒவ்வொன்றிலும் ஏறிப் பார்த்தேன். அவன் இல்லை. கப்பல் ஏறினோம்.

ஊருக்கு வந்தால் டிவிக்காரர்கள். போர் எப்படி இருந்தது என்று எங்கள் வேலையாள் ஒருத்தனிடம் கேட்க, நல்ல பாறைங்க, தண்ணிக்குக் கொறையில்ல என்றான் அவன். ஆட்டையாம்பட்டி பஸ் ஸ்டாண்டில் அவன் போட்டோவோடு ஃபிளெக்ஸ் வைத்தார்கள். போர் வீரனாம். ஃபிளெக்ஸ் வைத்த ஆட்களில் யாராவது அவனைத் தேட ஒரு நாள் அலைந்திருப்பார்களா? நானும் முதலாளியும்தான் அலைந்தோம். மனு கொடுத்தோம், டெல்லி வரைக்கும் பேசினோம். எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். தகவல் வந்தால் சொல்கிறோம் என்றார்கள். தகவல் வராததற்கு அவர்களை என்ன சொல்வது? வாரேன் என்று சொன்னவன் வரவேண்டுமா இல்லையா? எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு ஒரு மரியாதை இல்லையா? இதைத்தான் நான் அவனைக் கேட்கவேண்டும். கேட்க ஆள் இல்லை.

அந்த ஃபிளெக்ஸும் வெயிலில் வெளுத்துக் கிழிந்துவிட்டது. சண்டை மட்டும் அங்கே இன்னும் ஓயவில்லை. ஆட்டையாம்பட்டி வழியாக லாரி போகும்போதெல்லாம் தறிக்கொட்டகையில் நிறுத்தி அந்த அம்மாவைப் பார்த்துவிட்டுப் போவேன். பெரும்பாலும் பேச ஒன்றும் இருக்காது. போன வாரம் போனபோது, தார் சுத்திக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னார்.

"முந்தாநேத்துக் கூப்புட்டான் சாமி."

 எங்கிருந்து, எந்த நம்பர் என்று போனைப் பிடுங்கிப் பார்த்தேன். நம்பர் இருந்த இடத்தில் வெறும் கோடு. என்னுங்கம்மா சொன்னான் என்று தறிச் சத்தத்துக்கு மேல் கத்தினேன்.

"நல்லாருக்கறனுன்னான். இன்னொரு போர் இருக்குதாமா. முடிஞ்சதும் வாரேன்னான்."

"எந்தப் போருங்கம்மா?"

என்னை ஒரு பார்வை பார்த்தார். "அவன் போடற போருதான். வேற எந்தப் போரு?"

எந்த ஊரில் இருக்கிறான், யாரோடு இருக்கிறான், எப்போது வருவான், அடுத்து எப்போது கூப்பிடுவான், ஒன்றையும் கேட்கவில்லை. இத்தனை நாள் காத்திருந்து கிடைத்த ஒரு போன். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. பின்ன என்னதானுங்கம்மா கேட்டீங்க என்றேன்.

"தண்ணி வந்துச்சான்னு கேட்டேன். வந்துருச்சுன்னான்." அறுந்த நூலைத் தேடி எடுத்து முடிச்சுப் போட்டார். "மூடி போட்டியா சாமின்னேன். அதுக்குள்ள லைன் கட்டாயிருச்சு."

போட்டிருப்பான். போடாமல் அந்த இடத்தை விட்டு நகர்ந்திருக்கமாட்டான். அதுதான் எனக்கு ஆத்திரம்.